காலண்டர் குறி

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, கறையோடு ஒரு படுக்கைவிரிப்பு அவள் கையைத் தாண்டிப் போய்விட்டது.

பெரிய கறை இல்லை. கட்டைவிரல் அகலத்தில் ஒரு பழுப்பு. ஆனால் விரிப்பின் நட்டநடுவில் இருந்தது. நான்கு வருடத்தில் அவள் மேஜையைத் தாண்டி ஒரு கொசுவின் ரத்தம்கூடப் போனதில்லை. அதனால்தான் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். பாதி பாராட்டு, பாதி நக்கல். கண்ணின் பவர் மைனஸ் ஏழு. வெறும் கண்ணோடு விட்டால் எதிரில் நிற்பது புருஷனா தூணா என்று தொட்டுப் பார்த்துத்தான் சொல்லுவாள்.

சூப்பர்வைசர் அந்த விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மேஜை மேல் விரித்தார்.

"என்னம்மா இது?"

"கறை சார்."

"கறைன்னு எனக்கும் தெரியுது. எனக்கே தெரியுதுன்னா உனக்கு ஏன் தெரியல?"

அவள் இடது கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் நிற்கவில்லை.

"அழுவாத. அழுதா கறை போயிடுமா?"

"அழுவல சார். கண்ணு கரிக்குது. சோடா ஆவி."

"நாலு வருசமா கரிக்காத ஆவி இன்னிக்குத்தான் கரிக்குதா? ஆஸ்பத்திரிக்காரங்க கண்ணுல இது பட்டா மொத்த லோடையும் திருப்பி அனுப்புவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா சரி."

அவர் போனதும் அவள் வலது கண்ணை மூடிப் பார்த்தாள். கூடம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் ஆவி வெளியே போகாமல் தங்கும், அதுதான் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தாள். கூடம் தெளிவாக இருந்தது. அடுத்த விரிப்பை இழுத்தாள்.

அந்தக் கூடத்துக்கு வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரித் துணி வரும். மற்ற மூன்று நாள் விடுதித் துணி. விடுதித் துணியை யாரும் சோதிப்பதில்லை. அந்த நாட்களில் அவள் மடிப்பறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையணை உறை மடிப்பாள். திங்கள், புதன், வெள்ளி மட்டும் சோதனை மேஜை. மேஜை இருந்தது காலண்டரின் வாயில். காலண்டர் என்றால் அங்கே நாள் பார்க்கிறது இல்லை. ஆள் உயரத்துக்கு மூன்று சூட்டு உருளைகள். ஈரத்துணி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மொறமொறவென்று வெளியே வரும். சுவரில் தொங்குகிறதை அங்கே யாரும் காலண்டர் என்று சொல்லமாட்டார்கள். அது 'தேதி'. தேதியைக் கிழிச்சாச்சா, தேதியைப் பாரு, அவ்வளவுதான்.

ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் ஒரு நாடா தைத்திருக்கும். நாடாவில் நூறு கட்டம். துணி காலண்டருக்குள் நுழையும்போது ஊட்டுகிறவள் ஒரு கட்டத்தில் மையால் ஒரு கோடு இழுப்பாள். ஒரு சலவைக்கு ஒரு கோடு. இதற்குக் காலண்டர் குறி என்று பெயர். நூறு கோடு நிறைந்தால் விரிப்பு கிழிதுணி ஆகிவிடும். ஒரு விரிப்பு ஆறு மாதம் ஆஸ்பத்திரி அலமாரியில் தூங்கினாலும் அதற்கு வயது ஏறாது. சலவைதான் வயது. அங்கே வேலை செய்கிற எவருக்கும் இது சோறு தின்கிற மாதிரி பழக்கம்.

கண்ணாடி போட்டவர்கள் காலண்டர் பக்கம் போகக் கூடாது என்பது அந்த இடத்துச் சட்டம். ஒரு தடவை ஊட்டுகிறவளின் மூக்குக்கண்ணாடி வியர்வையில் வழுக்கி உருளைக்குள் போய்விட்டது. உருளைமேல் சுற்றிய கம்பளி கிழிந்து கூடம் இரண்டு நாள் மூடிக் கிடந்தது. அதற்கப்புறம் சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். சட்டம் இல்லாவிட்டாலும் அங்கே கண்ணாடி வேலைக்கு ஆகாது. இரண்டு நிமிடத்தில் ஆவி படிந்து குருடாகிவிடும். அதனால் அவள் லென்ஸுக்கு மாறினாள். மேஜையை விட மனசில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை அந்தக் கூடத்திலேயே இரண்டுதான். ஒன்று இது, இன்னொன்று கிழிசல் தைக்கிற மெஷின். மெஷினில் அவள் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அந்த நாத்தனார்தான் முதலில் பார்த்தாள்.

இரண்டு அறை வீடு. மூன்று பேர். மூவருக்கும் ஒரே முதலாளி. புருஷன் பாய்லர்காரன். அவன் அக்கா தையல். அவள் சோதனை. வீட்டுக்குள் வந்தாலும் மூன்று பேர் மேலும் சோப்பு வாசம் போகாது. மழை ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்படியில் நின்று, ஒரு கண்ணை மூடியபடி வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுத்திருந்தாள்.

"என்னடி, வெங்காயத்தப் பாத்துக் கண்ணடிக்கிற?"

"கரிக்குது அண்ணி."

"அது இனிமே தான் கரிக்கணும். இன்னும் தோலே உரிக்கல நீ. இங்க வா."

"ஒண்ணுமில்ல."

"வாடின்னா."

நாத்தனார் அவள் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். இமையை விரலால் உயர்த்தினாள். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"டேய், இங்க வா. இதப் பாரு."

பாய்லர்காரன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். "என்னக்கா?"

"கருப்புல ஒரு வெள்ளைப் பொட்டு. கடுகு சைஸு. தெரியுதா?"

"வெளிச்சம் பட்டுத் தெரியுதா இருக்கும்."

"வெளிச்சம் நகந்தா நகரணுமில்ல? இது நகரல."

அவள் முகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "நூல் தூசி விழுந்திருக்கும். காலைல சரியாயிடும்."

"எப்பலேருந்து?"

"திங்கட்கிழமை ராத்திரி லேசா உறுத்துச்சு."

"திங்கட்கிழமை உறுத்துச்சுன்னா இன்னிக்கு எதுக்குடி அந்தக் கண்றாவிய மறுபடி மாட்டின?"

"மாட்டாம? குருட்டுப் பூனையாட்டம் மேஜையில போயி உக்காரச் சொல்றீங்களா?"

"இப்பக் கழட்டிட்டியா?"

"கழட்டியாச்சு. தண்ணியில கிடக்கு."

"எடுத்துக் குப்பையில போடு."

"எதுக்குப் போடணும்? பதினோரு குறிதான் ஆயிருக்கு. இன்னும் மூணு கழுவு தாங்கும்."

லென்ஸ் வந்த அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டினாள். மூடியில் பேனாவால் பதினாலு கட்டம் போட்டிருந்தாள். பதினொன்றில் கோடு. அடித்துத் திருத்தல் இல்லாத, சுத்தமான வேலை. பாய்லர்காரன் அதைப் பார்த்துத் தலையாட்டினான். அவனுக்கு எழுதி வைத்த எதன் மேலும் மரியாதை உண்டு.

"கணக்கு சரியாத்தானக்கா இருக்கு."

"கணக்கு சரியா இருக்கு, கண்ணு சரியா இல்லையே. நாளைக்கு விடுதித் துணிதான? லீவு சொல்லிட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நீ கூட்டிட்டுப் போகலைன்னா நான் கூட்டிட்டுப் போறேன். நான் கூட்டிட்டுப் போனா பஸ்ல ஏறுறதுலேருந்து எறங்குற வரைக்கும் பேசுவேன். எது வேணும்னு நீயே முடிவு பண்ணு."

அவன் கூட்டிக்கொண்டு போனான்.

கண் ஆஸ்பத்திரியில் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து போக வேண்டியிருந்தது. மூன்றாவது பெஞ்சுக்கு வரும்போது அவளால் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள். சட்டைப்பையில் லென்ஸ் டப்பியும் அட்டைப்பெட்டியும் இருக்கின்றனவா என்று அவன் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அக்கா கொண்டுபோகச் சொல்லியிருந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். தூக்கமில்லாத முகம். முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, நீல வெளிச்சம் அடித்து, சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்த்தாள். பார்க்கும்போதே கேட்டாள்.

"இந்த லென்ஸ் போட்டு எத்தனை நாளாச்சு?"

"பதினொண்ணு டாக்டர். பதினாலு வரைக்கும் போகலாம்."

"பதினோரு நாளைக்கு முன்னாடிதான் திறந்தீங்க?"

"திறந்தது அதுக்கு முன்ன. ஒரு திங்கட்கிழமை."

"எந்தத் திங்கள்?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாய்லர்காரன் தொண்டையைச் செருமினான். "பாய்லர் உப்புச் சொரண்டின அன்னிக்கு டாக்டர். அன்னிக்குக் காலைல இவ புதுசு பிரிச்சான்னு நெனப்பு இருக்கு. அது என் லாக்புக்ல..." விரலை மடக்கி எண்ணினான். எண்ணிக்கொண்டே வந்தவன் நடுவில் குரலைத் தாழ்த்தினான். "இன்னியோட இருபத்தஞ்சு நாள்."

"பதினொண்ணுன்னாங்களே?"

"பதினோரு கழுவு," என்றாள் அவள். "வாரத்துல மூணு நாள்தான் போடுவேன். மத்த நாளெல்லாம் டப்பியில சும்மா கிடக்கும்."

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். "கழுவா? லென்ஸுக்குக் கழுவுக் கணக்கு யார் சொன்னது?"

"கடைக்காரர்தான். பதினாலு. காலண்டர்ல குறி போட்டு வச்சுக்குங்க, பதினாலு ஆனதும் தூக்கிப் போட்டுடுங்கன்னாரு. அடடா, நம்ம தொழில் வார்த்தை இவருக்குத் தெரியுதேன்னு எனக்குக்கூட ஆச்சரியம். அதான் காலண்டர் குறி போட்டேன். பெட்டியப் பாருங்க."

டாக்டர் பெட்டியைப் பார்த்தாள். கட்டங்களைப் பார்த்தாள். "காலண்டர்ல குறிக்கிறதுன்னா அந்தத் தேதிக்கு நேரா குறிக்கிறது. சுவத்துல மாட்டியிருக்குமே."

"அது தேதில்ல?"

"அதத்தான் காலண்டர்னு சொல்றாங்க."

"எங்களுக்குக் காலண்டர்னா உருளைங்க," என்றான் பாய்லர்காரன். பிறகு அந்த உருளையையும் நாடாவையும் கட்டத்தையும் பற்றிச் சொன்னான். வெளியே பெஞ்சில் இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் முழுசாகக் கேட்டாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவன் நிம்மதியாக இருந்திருப்பான்.

"துணி அலமாரியில இருந்தா வயசாகாது. சரி. லென்ஸ் டப்பியில இருந்தாலும் வயசாகும். மூடியப் பிரிச்ச நிமிஷத்துலேருந்து நாள் ஓட ஆரம்பிச்சிடும். போட்டாலும் ஓடும், போடலைன்னாலும் ஓடும். பதினாலுன்னா பதினாலு விடியல். பதினஞ்சாவது விடியல்ல அது குப்பை. டப்பியில தண்ணி எப்ப மாத்துவீங்க?"

"மாத்துறதில்ல. கொறைஞ்சா மேல ஊத்துவேன்."

"பழசக் கொட்டாமயா?"

"நல்ல தண்ணிதான டாக்டர். எங்க எடத்துல கடைசி அலசல் தண்ணியத்தான் அடுத்த லோடுக்கு முதல் தண்ணியா விடுவோம். கொட்டினா திட்டுவாங்க."

"இதைக் கொட்டலைன்னா நான் திட்டுவேன். அதுல கிருமி குடும்பம் நடத்திட்டு இருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடுவீங்க?"

"காலைல அஞ்சு மணிக்கு மாட்டினா ராத்திரி படுக்கப் போறப்பக் கழட்டுவேன். ஒம்பது மணி."

"பதினாறு மணி நேரம். பத்து மணி நேரத்துல கழட்டிடணும். மிஞ்சிப்போனா பன்னெண்டு. போட்டுக்கிட்டுத் தூங்குறதுண்டா?"

"சேச்சே."

"மத்தியானம் மூட்டை மேல சாயுவியே," என்றான் அவன்.

"அது தூக்கமா? அரை மணி நேரம் கண்ண மூடுறது."

"கண்ண மூடுறதுக்குப் பேருதான் தூக்கம்," என்றாள் டாக்டர். "கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாதும்மா. வெளிக்காத்துதான் அதுக்கு மூச்சு. இமைய மூடினா மூச்சு கொறையும். உள்ள லென்ஸும் இருந்தா முட்டும். நீங்க மூக்கையும் பொத்தி வாயையும் பொத்தியிருக்கீங்க."

"இதுக்கு முன்ன நாலு வருசம் இப்படித்தான டாக்டர் ஓடுச்சு?"

"நாலு வருசம் தப்பிச்சீங்க. இது கருவிழியில புண்ணு. நடுவுக்குப் பக்கத்துல இருக்கு. நடுவுக்குப் போச்சுன்னா பார்வை போயிடும். போகாம பாக்கலாம். ஆனா நான் சொல்றதுல அரை மணி நேரம்கூட முன்ன பின்ன ஆகக் கூடாது."

அவள் கேட்டது ஒன்றுதான். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரித் துணி. வலது கண்ணுல மட்டும் மாட்டிக்கட்டுமா?"

டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "அந்த டப்பிய இங்க குடுங்க. பரிசோதனைக்கு வேணும். திருப்பித் தரமாட்டேன்."

புண்ணில் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்தார்கள். இரண்டு வகைச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு தடவை. பகலிலும், ராத்திரியிலும்.

பாய்லர்காரனுக்கு மணிக்கு ஒரு தடவை என்பது பழகின வேலை. பாய்லரின் அழுத்தத்தை அவன் பதினேழு வருடமாக மணிக்கொரு தடவை எழுதிக்கொண்டிருக்கிறான். எழுதாத பழைய தாள் ஒன்றை எடுத்தான். அழுத்தம் என்று அச்சடித்த இடத்தில் முதல் மருந்து. நீர்மட்டம் என்ற இடத்தில் இரண்டாவது மருந்து. இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம். லீவு போட்டுவிட்டு இரண்டு நாளும் அவன்தான் விட்டான். ஒரு வரிகூட விடுபடவில்லை. பாய்லர் அளவு தாண்டி அரை மணி நேரம் ஓடினாலும் பதறுகிறவன், அவள் கண்ணில் லென்ஸ் பதினாறு மணி நேரம் கிடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இமையைத் தூக்கு, மேல பாரு, மூடு. இரண்டு நாளும் இதுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் நனைந்துகொண்டு வந்தாள். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, உள்ளே வராமல் அங்கேயே நின்றாள்.

"உன் மேஜையில என்னைய உக்கார வச்சுட்டான்."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "யாரு?"

"யாரு, அந்த சூப்பர்வைசர்தான். தையலுக்கு வேற ஆளு இருக்கு, நீ அங்க போன்னான்."

"நீங்க போனீங்களா?"

"போனேன்."

"என் இடத்தப் புடிக்க வீட்டுக்குள்ளயே ஆள் வச்சிருக்கேன், பாரேன்."

"ஏய், வாய மூடு," என்றான் பாய்லர்காரன்.

"நீ மூடுடா. அவ பேசட்டும்." நாத்தனார் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஈரம் பட்டது. யாரும் நகரவில்லை. "நான் போகலைன்னா ஊட்டுறாளே, அவள உக்கார வச்சிருப்பான். அவ உக்காந்துட்டா நீ எழுப்புவியா? எழுப்பிப் பாரு, கடிச்சு வச்சிருவா. நான் உக்காந்திருந்தா வந்து முடியப் புடிச்சு இழுத்துப் போட்டுட்டு உக்காரு."

அவள் துண்டை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினாள். "எத்தனை பாத்தீங்க?"

"எரநூறு பாத்திருப்பேன். மூணு அவன்கிட்டேருந்து திரும்பி வந்துச்சு. எனக்கு எல்லாமே கறையாத் தெரியுது, இல்லைன்னா எதுவுமே தெரியல. எப்படிடி பாக்குற நீ?"

"நடுவப் பாக்கக் கூடாது அண்ணி. ஓரத்துலேருந்து உள்ள வரணும். நடுவப் பாத்தா கண்ணு அங்கயே நின்னுடும்."

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க என் இடத்துக்கு வருவீங்கன்னு யாரு கண்டா?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபோது கண் வலித்தது. மணி ஏழு ஆகியிருந்தது. பாய்லர்காரன் மருந்தைக் குலுக்கிக்கொண்டு வந்தான்.

நான்காம் நாள் பொட்டு வளர்வது நின்றது. பத்தாம் நாள் சுருங்கியது. மருந்து மணிக்கொன்றிலிருந்து நாளுக்கு நான்காகக் குறைந்தது. மூன்றாவது வாரம் டாக்டர் மறுபடி அந்தத் தாங்கியில் முகவாயை வைக்கச் சொன்னாள். பிறகு சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். கண்ணாடியோடு வலது கண் கடைசி வரி வரைக்கும் போனது. இடது கண் அதற்கு இரண்டு வரி மேலே நின்றுவிட்டது. அவள் அந்த வரியை இன்னொரு தடவை முயன்றாள். முடியவில்லை.

"இது திரும்புமா டாக்டர்?"

"கொஞ்சம் திரும்பலாம். தழும்பு நிக்கும். ஓரமா நின்னுச்சு, பொழைச்சீங்க."

"வலது கண்ணு முழுசா இருக்கில்ல?"

"இருக்கு."

"அப்ப வேலை பாக்கலாம்."

"பாக்கலாம். லென்ஸ் கூடாது. மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் ஒரு நாள் வகைதான் குடுப்பேன். காலைல புதுசு, சாயங்காலம் குப்பை. அரை மணி நேரம்தான் போட்டேன், எடுத்து வச்சு நாளைக்குப் போடுறேன்னு வந்து நிக்கக் கூடாது."

"லென்ஸ் வேணாம் டாக்டர். கண்ணாடியிலயே பாத்துக்கறேன்."

"அங்க கண்ணாடி விடமாட்டாங்கன்னீங்களே?"

"விட வைக்கணும்," என்றாள்.

மறுநாள் வியாழன், விடுதித் துணி. அவள் மடிப்பறைக்குப் போகாமல் நேரே கூடத்துக்குப் போனாள். மதிய இடைவேளை. காலண்டர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தன் மேஜைப் பக்கம் நின்றாள். மனதுக்குள் எண்ணினாள். நாற்பது எண்ணுவதற்குள் படிந்துவிட்டது. துடைத்தாள். ஐந்தடி தள்ளி நின்றாள். எண்பது. துடைத்தாள். இன்னும் ஐந்தடி. சலவை மெஷின்கள் பக்கம் ஒரு தடவை, படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை. சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னடி, பூதம் கூடத்த அளக்குது?"

"வாங்கப் போறாளாம்."

"வாங்கினா எனக்கு ஒரு ஃபேன் போடச் சொல்லு."

அவள் கண்டுகொள்ளவில்லை. இடைவேளை முடிவதற்குள் இடம் கிடைத்துவிட்டது. வண்டி ஏற்றுகிற கதவுக்கு இடது பக்கம். வெளிக்காற்று நேராக வந்து ஆவியை உள்ளே தள்ளும் மூலை. அங்கே நின்று ஆயிரம் வரை எண்ணினாள். கண்ணாடி அப்படியே இருந்தது. வெளிச்சமும் குழல்விளக்கு வெளிச்சமில்லை, பகல் வெளிச்சம். பலகைச் சட்டத்துக்கும் அது ரொம்பத் தள்ளி.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு சூப்பர்வைசர் வந்தபோது மூன்று பேரும் அவருக்காக நின்றார்கள். பாய்லர்காரன் கொஞ்சம் பின்னால் நின்றான். பேசவேண்டியது அவன் இல்லை என்று வீட்டிலேயே முடிவாகியிருந்தது.

"மேஜைய அந்தக் கதவுகிட்டப் போடணும் சார்," என்றாள் அவள்.

"எந்தக் கதவு?"

"வண்டி ஏத்துறது."

"மேஜை காலண்டர் வாயிலதான் இருக்கும். துணி வெளிய வர்ற எடத்துல சோதிக்காம வேற எங்க சோதிப்ப? நீ கண்ணாடி போட்டிருக்க. மடிப்புக்குப் போ. எவ்வளவு நாளைக்கு வேணாலும் மடிச்சுக்கோ. நான் கேக்கல."

"துணி தள்ளுவண்டியில வரட்டும். வண்டிக்குச் சக்கரம் இருக்கு."

"ஒரு மணிக்குத் தொண்ணூறு பாத்தவ நீ. இப்ப எவ்வளவு பாப்ப?"

"அறுபது."

"அறுபதா?"

"அறுபதுதான். இடது கண்ணு ரெண்டு வரி கொறைச்சல். தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கணும். பொய் சொல்லல. ஆனா பாத்தது திரும்பி வராது. இந்த மூணு வாரத்துல எத்தனை திரும்பி வந்துச்சுன்னு அண்ணியக் கேளுங்க."

"அம்பத்தி ரெண்டு," என்றாள் நாத்தனார் பெருமையாக. "அதுல இருபது கறையே இல்லாதது. நான்தான் மறுபடி கழுவ அனுப்பினேன்."

"நீ பேசாத."

"கேட்டா சொல்லணுமில்ல சார்."

சூப்பர்வைசர் கண்ணைக் கசக்கினார். அவர் கண் எப்போதும் சிவந்துதான் இருக்கும். கோபம் என்று சிலர் சொல்வார்கள், வேறு காரணம் என்று சிலர். திறந்திருந்த கதவிலிருந்து விடிகிற வெளிச்சம் பக்கவாட்டில் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். முகத்தை அல்ல. விரிப்பைப் பார்ப்பதுபோல ஓரத்திலிருந்து உள்ளே வந்தாள். வெள்ளைவிழியில், கருவிழியைச் சுற்றி, ஒரு வட்டத்தின் விளிம்பு. நான்கு வருடமாக எதிரில் நின்று திட்டு வாங்கியும் இதைப் பார்த்ததில்லை. திட்டுகிறவரின் கண்ணை யார் பார்க்கிறார்கள்?

"எப்பப் பிரிச்சது சார் அது?"

"எது?"

"உங்க கண்ணுல இருக்கிறது."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பாய்லர்காரன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது... மாசத்து வகை."

"எந்த மாசம்?"

"எதுக்கு அதெல்லாம்? நல்லாத்தான் இருக்கு. ராத்திரி வண்டி ரெண்டு மணிக்குத்தான் வந்துச்சு, கழட்ட நேரமில்ல."

"அப்ப போட்டுக்கிட்டே தூங்கியிருக்கீங்க."

"ரெண்டு மணி நேரம். அதுவும் நாற்காலியில."

அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் ஏற்கெனவே சோப்பை எடுக்கப் போயிருந்தாள். பாய்லர்காரன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கைகழுவும் குழாய்ப் பக்கம் போட்டான்.

"கைய நல்லா தேய்ச்சுக் கழுவுங்க. சுத்தத் துண்டுல தொடைங்க. கழட்டுங்க."

"ஏம்மா, வெளையாடுறியா? இத எடுத்துட்டா எனக்கு எதுவுமே தெரியாது. கண்ணாடி வீட்டுல இருக்கு. லோடு ஏத்தணும். யாரு பாக்கிறது?"

"வீட்டுக்குப் போன் பண்ணிக் கண்ணாடி கொண்டாரச் சொல்லுவோம். கண்ணாடி வந்ததும் கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க, இவரு கூட வருவாரு. இப்பக் கழட்டுங்க சார். என் கண்ணுல கடுகு சைஸுக்கு வெள்ளையா நிக்குது, பாக்கணுமா? இங்க வந்து நில்லுங்க, காட்டுறேன்."

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இடது இமையை விரலால் உயர்த்திக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். குழாயைத் திறந்தார்.

முதல் லென்ஸ் சுலபமாக வந்தது. இரண்டாவது ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நாத்தனார், "இழுக்காதீங்க, தண்ணி விட்டு நனைங்க," என்று சொல்லப்போக, "குழாத்தண்ணி ஆகாது அண்ணி, கொஞ்சம் பொறுங்க, கண்ணைச் சிமிட்டட்டும்," என்று அவள் தடுத்தாள். சிமிட்டிச் சிமிட்டி ஒருவழியாக வந்தது. இரண்டையும் அவர் கையிலிருந்து வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வடிய, கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். வெள்ளை, அதற்குள் ஆட்கள் மாதிரி சில கறுப்பு.

காலண்டரில் சூடு ஏறிவிட்டது. முதல் ஈரத்துணி நுழைகிற சத்தம் கேட்டது. அவள் மேஜையின் ஒரு முனையைப் பிடித்தாள். நாத்தனார் மறுமுனையைப் பிடித்தாள். மடிப்பறையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். இரும்புக்கால் சிமெண்டுத் தரையில் கிறீச்சிட்டது.

"என்ன சத்தம் அது?" சூப்பர்வைசர் எழுந்து நின்றார். கையை முன்னால் நீட்டித் துழாவினார். "யாரு அங்க? என்ன பண்றீங்க?"

"உக்காருங்க சார்," என்றாள் அவள், மேஜையைத் தள்ளிக்கொண்டே. "மேஜைய நகத்த உங்களுக்குக் கண்ணு தெரியவேண்டியதில்ல."